பண்ணையாரின் உயிலில் மனிதர்கள்: ஆதி அமெரிக்கச் சொத்துப் பதிவுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

1799ஆம் ஆண்டு கோடையில், தாம் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, ஜார்ஜ் வாஷிங்டன் தம்முடைய மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் வாழ்ந்த அடிமைகளின் பட்டியல் ஒன்றைத் தம் கைப்படவே எழுதினார். பெயர், வயது, கணவனோ மனைவியோ எங்கே இருக்கிறார் என்ற சிறு குறிப்பு ஆகியவை பண்ணைவாரியாக அதில் உள்ளன. அவற்றோடு ஒவ்வொரு பண்ணையின் ஆட்களும் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு வகைக்கு ‘ஜி.டபிள்யூ.’ என்று தலைப்பு. மற்றதற்கு ‘டவர்’ என்று தலைப்பு. இந்தப் பிரிவினை எதற்கென்று தெரியாதவருக்கு அந்தத் தாள் வெறும் ஆள்கணக்கு. தெரிந்தவரோ, யார் விடுதலையாகப் போகிறார், யார் பேரப்பிள்ளைகளின் பங்குக்குப் போகிறார் என்பதை அந்தத் தாளிலேயே வாசித்துவிடுவார்.

அப்படி வாசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணைக் குடும்பங்களின் உயில்களும் பாகப்பிரிவினைகளும் இன்று பெருமளவில் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. சட்டப் படிப்பு தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். நான் பின்பற்றும் முறை எளியது: எந்தப் படியிலும் நிலத்தின் பின்னால் போகாமல், ஓர் ஆளின் பெயரின் பின்னால் போவது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் வர்ஜீனியாவிலிருந்தே தருகிறேன்; அங்கேதான் பதிவுகளும் நிறைய, சிக்கலும் நிறைய.

1. ஒரு சாவிலிருந்து தொடங்குங்கள்

பண்ணையார் உயிரோடு இருந்த வரையில் அவருடைய அடிமைகளின் பெயர்களை எழுதிவைக்கும் தேவை அரசுக்குப் பெரிதாக இருக்கவில்லை. 1790இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் குடும்பத் தலைவரின் பெயருக்கு எதிரே அடிமைகளின் எண்ணிக்கை மட்டுமே குறிக்கப்பட்டது. அவர் இறந்து, பிள்ளைகள் பங்கு கேட்கும் நாளில்தான் எந்த ஆள் யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. பெயரும் அப்போதுதான் தாளில் ஏறுகிறது. ஆகவே முதல் வேலையாக, நீங்கள் எடுத்துக்கொண்ட குடும்பத்தில் சொத்துக்குரியவர் இறந்த ஆண்டையும், அவருடைய பண்ணை எந்தக் கவுண்டியில் இருந்தது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. உயிலை ஏற்பதும் சொத்தைப் பிரிப்பதும் கவுண்டி நீதிமன்றத்தின் பொறுப்பு.

ஒரு சாவுக்குப் பின் தாள்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். உயில் இருந்தால் சாட்சிகளின் வாக்குமூலத்தோடு அது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டு, உயில் புத்தகத்தில் எழுத்தர் கையால் படியெடுக்கப்படும். பின்னர் உயிலை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ஏற்றவரான நிறைவேற்றுநர் பிணைப்பத்திரம் தருவார். நீதிமன்றம் அக்கம்பக்கத்துப் பண்ணையார்களில் சிலரைச் சொத்து மதிப்பிட நியமிக்கும். அவர்கள் தரும் மதிப்பீட்டுப் பட்டியலும் அதே புத்தகத்தில் ஏறும். அதன்பிறகு பாகப்பிரிவினை, சில ஆண்டுகள் கழித்து நிறைவேற்றுநரின் வரவு செலவுக் கணக்கு. இந்த ஐந்தில் உயிலை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உயில் ஒருவரின் விருப்பத்தைச் சொல்கிறது. நடந்தது என்ன என்பதைப் பிரிவினையும் கணக்கும்தான் சொல்லும்.

வர்ஜீனியக் கவுண்டிப் பதிவுகளின் நுண்படச் சுருள்கள் ரிச்மண்டிலுள்ள வர்ஜீனிய நூலகத்தில் உள்ளன. ஃபேமிலிசர்ச் தளத்தில் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வாஷிங்டன், ஜெஃபர்சன் போன்றோரின் கடிதங்களும் பட்டியல்களும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் அச்செழுத்தில் கிடைக்கின்றன. கையெழுத்தைப் படித்துப் பழகாதவர்கள் அங்கே தொடங்குவது நல்லது. எல்லாக் கவுண்டிக்கும் எல்லாமே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது, பாதுகாப்புக்காக அங்கே கொண்டுவந்து வைத்திருந்த பல கவுண்டிகளின் புத்தகங்களும் சேர்ந்து எரிந்தன. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலிருந்த, ஜார்ஜின் மனைவி மார்த்தா வாஷிங்டனின் உயில் உள்நாட்டுப் போரின்போது காணாமல் போய், வங்கியாளர் ஜே. பி. மார்கனின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்து, வர்ஜீனிய அரசு வழக்குத் தொடுத்த பிறகு 1915இல்தான் திரும்பி வந்தது.

2. அந்த ஆண்டில் நடப்பிலிருந்த சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

உயிலில் ஒரு சொல் ஏன் இருக்கிறது, ஏன் இல்லை என்பது பெரும்பாலும் சட்டத்தால் விளங்கும். வர்ஜீனியாவைப் பொறுத்தவரை சில ஆண்டுகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 1662. பிறக்கும் பிள்ளை அடிமையா, சுதந்திரமானவரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று அந்த ஆண்டு வர்ஜீனியப் பேரவை சட்டம் செய்தது. ஆங்கிலேயக் குடும்பங்களில் பெயரும் நிலமும் பட்டமும் தந்தை வழியாக வந்துகொண்டிருந்த காலம் அது. அடிமைத்தனம் மட்டும் தாய்வழியாக்கப்பட்டது. இதன் பலனாக, பண்ணையாருக்கே அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை அவருடைய வாரிசாகாமல், அவருடைய வாரிசுகளுக்குப் போய்ச்சேரும் சொத்தானது. ஜான் வேல்ஸ் என்ற பண்ணையார் 1773இல் இறந்தபோது அவருடைய மகள் மார்த்தாவின் கணவரான தாமஸ் ஜெஃபர்சனுக்கு வந்துசேர்ந்த 135 அடிமைகளில் எலிசபெத் ஹெமிங்ஸும் அவர் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பிள்ளைகளில் கடைசிக் குழந்தையான சாலி உட்படச் சிலர் வேல்ஸுக்கே பிறந்தவர்கள் என்பது இன்று வரலாற்றாய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. அதாவது மார்த்தா தன் தந்தைக்கே பிறந்த தங்கையையே அவரிடமிருந்து வாரிசுச் சொத்தாகப் பெற்றாள். இந்த ஒரு விதி மனத்தில் பதிந்துவிட்டால், பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களின் பெயர்களை ஏன் கவனமாகத் தொடர வேண்டும் என்பது தானாகப் புரியும்.

இரண்டாவது 1705. அந்த ஆண்டுச் சட்டம் அடிமைகளை வாரிசுரிமையைப் பொறுத்தவரை அசையாச் சொத்தாக, நிலத்தைப் போல, அறிவித்தது. நடந்து செல்லும் மனிதரை அசையாச் சொத்து என்று எழுதுவது நமக்கு விசித்திரமாகப் படலாம்; சட்டம் செய்தவர்களின் கணக்கு வேறு. நிலத்தையும் அதில் உழைப்பவர்களையும் ஒரே வாரிசிடம் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே விதிப்படி இறங்க வேண்டும். உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்குப் போன காலத்தில் அடிமைகளும் அப்படியே போனார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மதிப்பில் ஒரு பங்கு பணமாகத் தரப்பட்டது. 1727இல் வந்த திருத்தம், விற்க முடியாதபடி வம்சத்துக்குக் கட்டிவைக்கப்பட்ட நிலத்தோடு அடிமைகளையும் சேர்த்துக் கட்டிவைக்க வழிசெய்தது. வம்சக் கட்டு 1776இலும், மூத்த மகனுக்கான முன்னுரிமை 1785ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழிந்தன. புரட்சிக்குப் பிந்தைய இந்தச் சீர்திருத்தங்களை மக்களாட்சியின் வெற்றியாகப் பாடநூல்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அடிமைகளின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு வாரிசுக்குப் போன குடும்பம் இனி ஐந்து வாரிசுகளுக்குச் சமமாகப் பிரிய வேண்டியதாயிற்று. 1792இல் அடிமைகள் அசையும் சொத்தாக்கப்பட்டார்கள்.

விடுதலை தொடர்பாக மூன்று ஆண்டுகள் போதும். 1723 முதல், ஆளுநரும் அவருடைய மன்றமும் சிறப்பான சேவை என்று ஏற்றாலொழிய எந்த உரிமையாளரும் தம் அடிமையை விடுவிக்க முடியாது. 1782இல் உயிலாலோ பத்திரத்தாலோ விடுவிக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. 1806இல் மீண்டும் இறுகியது: விடுதலை பெற்றவர் பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். எனவே 1750ஆம் ஆண்டு உயிலில் விடுதலை இல்லையென்பதை வைத்து எழுதியவரின் மனத்தை அளக்க முடியாது. 1790ஆம் ஆண்டு உயிலில் இல்லையென்றால் அளக்கலாம்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் பத்திரப்பதிவு அலுவலக வழக்கில் ‘விடுதலைப் பத்திரம்’ என்றால் கூட்டுரிமையாளர் ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுப்பது. அடிமை விடுதலைக்கும் அதே சொல்லைப் போட்டால், நில விவகாரங்களில் பழகிய வாசகர் யாரோ அண்ணன் தம்பிக்குப் பாகத்தை எழுதிக்கொடுத்ததாகப் புரிந்துகொள்வார். ‘அடிமை விடுவிப்புப் பத்திரம்’ என்று முழுமையாக எழுதிவிடுவது உத்தமம்.

3. எழுத்து, தேதி, பணம்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மூன்று பொறிகளைத் தெரிந்துகொண்டால் போதும். 1752க்கு முன் ஆங்கிலேயப் பகுதிகளில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகையால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் 1731/32 என்று இரட்டை ஆண்டு இருப்பதைக் காண்பீர்கள். பணம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வர்ஜீனியப் பவுண்டின் மதிப்பு லண்டன் பவுண்டைவிடக் குறைவு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது. மூன்றாவது, மேற்படி என்பதற்கான ‘டிட்டோ’வை எழுத்தர்கள் ‘டோ’ என்று சுருக்கி எழுதுவார்கள். நான் முதன்முதலில் படித்த மதிப்பீட்டுப் பட்டியலில் ‘டோ’ என்பது ஒரு பெயர் என்று நம்பி, ஒரே பண்ணையில் அந்தப் பெயரில் ஒன்பது பேர் இருந்ததாக நோட்டில் எழுதிவைத்து, அதற்கு ஆப்பிரிக்க மொழிகளில் வேர் தேடிக்கொண்டிருந்தேன்.

4. உயிலை வாசிக்கும் முறை

ஜார்ஜின் தந்தை அகஸ்டின் வாஷிங்டன் 1743 ஏப்ரலில் இறந்தார். அவருடைய உயிலின்படி மூத்த மகன் லாரன்ஸுக்குப் பின்னாளில் மவுண்ட் வெர்னன் எனப்பட்ட பண்ணையும், இரண்டாம் மகன் அகஸ்டினுக்குப் போப்ஸ் கிரீக் பண்ணையும், பதினோரு வயது ஜார்ஜுக்கு ரப்பஹானக் ஆற்றங்கரையிலிருந்த, இன்று ஃபெர்ரி ஃபார்ம் எனப்படும் பண்ணையும் பத்து அடிமைகளும் வந்தன. பதினோரு வயதில் பத்துப் பேருக்கு உரிமையாளர். உயிலைப் படிக்கும்போது வாரிசின் வயதை அருகில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை இதற்காகவே சொல்கிறேன். வாரிசு சிறுவனென்றால் இடைக்காலத்தில் ஆட்களை ஆள்பவர் தாயோ காப்பாளரோ. அந்த ஆண்டுகளில் அடிமைகள் அயலாருக்கு வாடகைக்கு விடப்படுவதும், பண்ணை விட்டுப் பண்ணை மாற்றப்படுவதும் உண்டு.

அடுத்து, ‘வாழ்நாள் வரைக்கும்’ என்ற தொடரைத் தேடுங்கள். நம் பத்திரங்களில் ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்து’ என்று வருமே, அதேதான். லாரன்ஸ் 1752இல் இறந்தார். ஜார்ஜ் 1754இல் மவுண்ட் வெர்னனைக் குத்தகைக்குத்தான் எடுத்தார். லாரன்ஸின் விதவைக்கு அதில் ஆயுட்கால உரிமை இருந்தது. அவர் 1761இல் இறந்த பிறகே பண்ணை ஜார்ஜின் உடைமையானது. நிலத்துக்கு இது ஏழு ஆண்டுக் குத்தகைப் பிரச்சினை மட்டுமே. அடிமைகளுக்கு ஆயுட்கால உரிமை என்றால், ஒரு முதிய பெண்ணின் உடல்நிலையைப் பார்த்துப் பார்த்துத் தம் குடும்பம் பிரியும் நாளைக் கணக்கிட்டபடி வாழ்வது.

மூன்றாவதாக, பெண் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் வரும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘இன்னாளையும் அவளுடைய வருங்காலப் பெருக்கத்தையும் என் மகளுக்கு’ என்ற பாணியில் எழுதப்பட்ட வரிகளை உயிலுக்கு உயில் காணலாம். கால்நடைகளைக் கொடுக்கும் வரியிலும் இதே ‘பெருக்கம்’தான். பிறக்காத பிள்ளைகளுக்கும் உரிமையாளர் முன்கூட்டியே முடிவாகிவிடுவதற்காகவே இந்தச் சொல் எழுதப்பட்டது. சில குடும்பங்களில் தாய் ஒரு மகளுக்கும், அவளுடைய முதல் பிள்ளை இன்னொரு மகளுக்கும் எழுதப்பட்டிருக்கும். இத்தகைய வரி வந்தால் எழுதப்பட்ட நாளையும் பிள்ளையின் வயதையும் தனித்தாளில் குறியுங்கள். பின்னாளில் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவை நிறுவ வேறு சான்றே கிடைக்காமல் போகலாம்.

5. மதிப்பீட்டுப் பட்டியல்

மதிப்பிட வந்த அயலார் வீட்டுக்குள் எந்த வழியாக நடந்தார்கள் என்பதே பல பட்டியல்களின் வரிசை. கூடம், படுக்கையறை, சமையற்கட்டு, களஞ்சியம், தொழுவம் என்று போகும். இடையில் அல்லது தொடக்கத்தில் மனிதர்கள். பெயருக்கு எதிரே தொகை. நல்ல வயதிலிருக்கும் ஆணுக்கும், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கும், கைத்தொழில் தெரிந்தவருக்கும் அதிகம். கிழவருக்குச் சொற்பம், சில வேளைகளில் சுழியம். சுழியம் என்றால் அவருக்குச் சோறு போடுவது செலவு என்று அந்த அயலார் கருதினார்கள்.

தொகையை வைத்து வயதை ஊகிக்கலாம், உறுதிப்படுத்த முடியாது. பெண்ணும் கைக்குழந்தையும் ஒரே வரியில் ஒரே தொகைக்கு மதிப்பிடப்பட்டிருந்தால் தாயும் பிள்ளையும் என்று பெரும்பாலும் கொள்ளலாம். தந்தை யார் என்பதை இந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை. சட்டத்துக்கு அவர் தேவைப்படவில்லை.

6. உயில் இல்லாத சாவும் விதவையின் மூன்றிலொரு பங்கும்

‘டவர்’ என்பதற்கு இப்போது வருவோம். இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு பகுதியை இருமுறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஆங்கிலேயப் பொதுச்சட்டப்படி கணவனின் நிலத்தில் மூன்றிலொரு பங்கை விதவை தன் ஆயுள் பரியந்தம் அனுபவிக்கலாம். அந்தப் பங்குக்குத்தான் டவர் என்று பெயர். அடிமைகளும் நிலத்தைப் போலவே இறங்கியதால் அவர்களிலும் அவளுக்கு மூன்றிலொரு பங்கு. அனுபவிக்கலாம், விற்கவோ விடுவிக்கவோ முடியாது. அவள் மறுமணம் செய்தால் புதுக் கணவன் அந்த உழைப்பின் பலனைப் பெறுவான். உரிமை அவனுக்கும் இல்லை. அவள் இறந்ததும் எல்லாம் முதல் கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பும். அந்த ஆண்டுகளில் அடிமைகளுக்குப் பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உட்பட.

டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெரும் பண்ணையார் 1757 ஜூலையில், நியூ கென்ட் கவுண்டியில் பமங்கி ஆற்றங்கரையிலிருந்த ‘வெள்ளை மாளிகை’ என்ற தம் பண்ணையில், உயில் எழுதாமல் இறந்தார். ஏறத்தாழ 300 அடிமைகள் அவர் சொத்திலிருந்தார்கள். விதவை மார்த்தாவின் பங்காக 84 பேர் ஒதுக்கப்பட்டார்கள். 1759 ஜனவரியில் மார்த்தா ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தார். டவர் அடிமைகளில் பலர் மவுண்ட் வெர்னனுக்கு வந்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களோடு நாற்பது ஆண்டு கூடி வாழ்ந்தார்கள், மணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். 1799இல் அங்கிருந்த 317 பேரில் 123 பேர் வாஷிங்டனின் சொந்த உடைமை, 153 பேர் டவர். மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். மணமானவர்களாகக் குறிக்கப்பட்ட 96 பேரில் 36 பேர் மட்டுமே துணையோடு ஒரே இடத்தில் வாழ்ந்தார்கள். 38 பேரின் துணை வாஷிங்டனின் வேறொரு பண்ணையிலும், 22 பேரின் துணை வேறு உரிமையாளரிடத்திலும் இருந்தனர்.

இப்போது ஒரு பெயரைப் பின்தொடருங்கள். ஹெர்குலிஸ் என்ற சமையல்காரர், அண்டைப் பண்ணையார் ஜான் போசி வாங்கிய கடன் திரும்பாததால் வாஷிங்டனுக்கு வந்தவர், ஆகவே ‘ஜி.டபிள்யூ.’ வகை. அவர் மனைவி ஆலிஸ் டவர் வகை. ஆகவே பிள்ளைகள் ரிச்மண்ட், ஈவி, டெலியா மூவரும் டவர். பிலடெல்பியாவில் குடியரசுத் தலைவரின் சமையற்கட்டை ஆண்ட ஹெர்குலிஸ், 1797 பிப்ரவரி 22ஆம் நாள், வாஷிங்டனின் பிறந்தநாளன்று, மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பிப் போனார். சில வாரம் கழித்து அங்கே விருந்தினராக வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி ஃபிலிப்பின் பணியாள் அவருடைய சிறுமகளிடம், அப்பாவைப் பார்க்க முடியாதது வருத்தமாயிருக்குமே என்று கேட்க, அவர் இப்போது சுதந்திரமாக இருப்பதால் தனக்கு மகிழ்ச்சிதான் என்று அவள் சொன்னதை இளவரசர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1801இல் சட்டப்படியும் ஹெர்குலிஸ் விடுதலையானார். பிள்ளைகள் தாய்வழியில் கஸ்டிஸ் சொத்தாகவே நின்றார்கள்.

1799 ஜூலையில் வாஷிங்டன் எழுதிய உயிலை இந்த அறிவோடு படித்துப் பாருங்கள். தமக்குச் சொந்தமான அடிமைகள் அனைவரும் தம் மனைவியின் இறப்புக்குப் பின் விடுதலை பெற வேண்டும் என்கிறார். உடனே விடுவிக்காததற்குக் காரணமாக, அவர்கள் டவர் அடிமைகளோடு மண உறவால் பின்னிப் பிணைந்திருப்பதையும், டவர் அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் தமக்கு இல்லாததையும் எழுதுகிறார். புரட்சிப் போர் முழுவதும் உடனிருந்த வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும். முதியோரையும் உழைக்க முடியாதவர்களையும் ஆதரிக்கவும், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கவும் கட்டளைகள் உண்டு. முதியோருக்கான உதவித்தொகை 1833 வரை சொத்திலிருந்து போனது கணக்குகளில் தெரிகிறது.

சட்டம் கையைக் கட்டிவிட்டது என்று வாஷிங்டன் சொல்வது மெய்தான். அதே உயில் வேறொரு விபரீதத்தையும் உண்டாக்கியது: நூற்றுக்கு மேற்பட்டவர்களின் விடுதலை, அவர்கள் நடுவே வாழ்ந்த ஒரு மூதாட்டியின் சாவில் தொங்கியது. மார்த்தா தம் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று உணர்ந்ததாக, அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் 1800 டிசம்பரில் ஒரு கடிதத்தில் எழுதினார். அதே மாதம் மார்த்தா அடிமை விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட, 1801 ஜனவரி 1 முதல் அவர்கள் விடுதலையானார்கள். மார்த்தா 1802 மே மாதம் இறந்தார். டவர் அடிமைகள் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகள் நால்வருக்குப் பங்கிடப்பட்டார்கள். விடுதலையான கணவன் மவுண்ட் வெர்னன் அருகே நிற்க, மனைவியும் மக்களும் நான்கு திசையில் நான்கு வீடுகளுக்குப் போனார்கள். மார்த்தாவுக்கே முழு உரிமையுள்ள எலிஷ் என்ற ஒருவர் இருந்தார். அவரையும் விடுவிக்காமல் பேரனுக்கு எழுதிவைத்தார் என்பதை உயிலில் நீங்களே படிக்கலாம்.

தப்பியோடியவர்களையும் வாரிசுரிமை விடவில்லை. மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ், தான் பேத்தி எலிசாவுக்குக் கொடுக்கப்படவிருப்பதை அறிந்து, 1796 மே 21 அன்று பிலடெல்பியாவிலிருந்து நழுவி நியூ ஹாம்ப்ஷயர் சேர்ந்து, அங்கே மணம் செய்து 1848 வரை வாழ்ந்தார். அவர் டவர் அடிமை என்பதால், சுதந்திர மண்ணில் சுதந்திரமான தந்தைக்குப் பிறந்த அவருடைய பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்தே.

7. கடன் இருக்கிறதா என்று பாருங்கள்

உயிலில் எது எழுதியிருந்தாலும் கடன்காரரே முதலில் நிற்பார். 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். அவருடைய உயில் ஐந்து ஆண்களுக்கு விடுதலை அளித்தது. 1806ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைத்து, அவர்கள் வர்ஜீனியாவிலேயே வாழ அனுமதிக்குமாறு சட்டமன்றத்தையும் கேட்டுக்கொண்டது. அவர்களில் கொல்லரான ஜோசப் ஃபாசெட்டுக்கு விடுதலை ஓராண்டு கழித்து என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது. 1827 ஜனவரியில் ஜெஃபர்சனின் பண்ணையான மான்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். ஃபாசெட்டின் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் அதில் விற்கப்பட்டார்கள். அவர் விடுதலையானது அதற்கு ஆறு மாதம் பின்பு. உழைத்துச் சேர்த்து மனைவியையும் பிள்ளைகளில் சிலரையும் மீட்டார். ஏலத்தின்போது பதினோரு வயதான மகன் பீட்டருக்கு விடுதலை கிடைக்க 1850 ஆயிற்று. உயிலை மட்டும் படித்தவருக்கு ஃபாசெட் விடுதலை பெற்ற ஒருவர். ஏலக் கணக்கைப் படித்தவருக்குத்தான் முழுக் கதை.

8. வடக்கிலும் தேடுங்கள்

அடிமைமுறை தெற்கின் பெரும் பண்ணைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தோடு நியூயார்க் பதிவுகளைத் திறக்காமல் விடுபவர்கள் உண்டு. அல்ஸ்டர் கவுண்டியின் டச்சுக் குடியானவர்கள் வீட்டுக்குச் சிலர் என்ற அளவில் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஹார்டன்பர்க் குடும்பத்தில் தந்தையிடமிருந்து மகன் சார்லஸுக்கு இறங்கிய இசபெல்லா என்ற டச்சு மொழி பேசும் சிறுமி, சார்லஸ் இறந்ததும், ஒன்பது வயதளவில், ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலம் போனாள். உழைக்க முடியாத வயதிலிருந்த அவளுடைய தந்தையைப் பராமரிக்கும் செலவு வாரிசுகளுக்கு வேண்டாமென்பதால், தாயையும் விடுவித்து அவரைக் கவனிக்கும் பொறுப்பைத் தாயிடம் விட்டார்கள். பின்னாளில் அடிமைமுறைக்கு எதிரான பேச்சாளராக, சோஜர்னர் ட்ரூத் என்று நாடறிந்தவர் அந்த இசபெல்லாதான்.

நியூயார்க் பதிவுகளில் 1799 ஜூலை 4 என்ற நாள் முக்கியமானது. அதன்பின் பிறந்த அடிமைப் பிள்ளைகள் சட்டப்படி சுதந்திரர். ஆனால் ஆண் 28 வயது வரையும் பெண் 25 வயது வரையும் தாயின் உரிமையாளரிடம் ஊழியம் செய்ய வேண்டும். ஆகவே அங்கே உயில்களில் ஆளுக்குப் பதிலாக ‘எஞ்சிய ஊழியக் காலம்’ பங்கிடப்படுவதைக் காண்பீர்கள். மாநிலத்தில் முழு விடுதலை 1827 ஜூலை 4.

9. ஒரு தலைமுறையோடு நிறுத்தாதீர்கள்

மார்த்தாவின் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் தம் பங்கைக் கொண்டு பொட்டோமாக் கரையில் ஆர்லிங்டன் மாளிகையை எழுப்பினார். 1857 அக்டோபரில் அவர் இறந்தபோது, தம் அடிமைகளை ஐந்தாண்டுக்குள் விடுவிக்கும்படி உயில் எழுதியிருந்தார். பேத்திகளுக்குரிய தொகைகளும் அதே உயிலில் இருந்தன. நிறைவேற்றுநர் மருமகன் ராபர்ட் ஈ. லீ. கடனையும் தொகைகளையும் தீர்க்க வேண்டி அவர் பலரை வாடகைக்கு அனுப்பினார். ஐந்தாண்டை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவும் முனைந்தார். கஸ்டிஸ் இறந்ததுமே விடுதலை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெருத்த ஏமாற்றம். 1859இல் வெஸ்லி நாரிஸ் தம் சகோதரியோடும் உறவினர் ஒருவரோடும் தப்பியோடி மேரிலாண்டில் பிடிபட்டார். லீயின் ஆணையால் தமக்கு ஐம்பது கசையடி விழுந்ததாக 1866இல் வாக்குமூலம் தந்தார். உயிலின் ஒரு வரி, நிறைவேற்றுநர் கையில் ஐந்து ஆண்டு ஆகும் விதத்தை அறிய இதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் படித்ததில்லை.

லீ விடுவிப்புப் பத்திரத்தைப் பதிந்தது 1862 டிசம்பர் 29. அதில் பெயர்கள் பண்ணைவாரியாக வருகின்றன. வாஷிங்டனின் 1799ஆம் ஆண்டுப் பட்டியலைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, ஒரே குடும்பப் பெயர்களும் முதற்பெயர்களும் திரும்ப வருகின்றனவா என்று முதலில் ஆர்லிங்டனின் கீழ்ப் பாருங்கள். அது முடிந்ததும் நியூ கென்ட் கவுண்டிப் பண்ணையின் கீழுள்ள பெயர்களுக்கு வாருங்கள். அந்தப் பண்ணை, 1757இல் டேனியல் கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்த அதே ‘வெள்ளை மாளிகை’.